1992 யோ எடி: மணிக்கட்டு வலித்தாலும் விற்பதாக இல்லை

பாஸ்டனை ஒட்டிய சாமர்வில்லில், கிறிஸ் சான்ஸ் தொடங்கிய ஃபேட் சிட்டி சைக்கிள்ஸ் பட்டறையில் கையால் செய்த மவுண்டன் பைக் (காட்டு, மலைப் பாதைக்கான சைக்கிள்) இது, செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஸ்டீல் ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், சஸ்பென்ஷன் என்ற பேச்சே இல்லை. குழாய்கள் சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், நெருக்கித் தொடுத்த மல்லிச்சரம் மாதிரி வெல்டிங் அத்தனை சீர்!

மிடில்செக்ஸ் ஃபெல்ஸ் காட்டுப் பாதை முழுக்க வேரும் பாறையும்தான்; அங்கே வண்டி நினைத்த பக்கம் சட்டென்று திரும்புகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பித்துவிடும். மழையில், சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் இந்தக் கேன்டிலீவர் பிரேக்கை நம்பாதீர்கள், ஒருமுறை புதருக்குள் போய்தான் நின்றேன். அப்புறம், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டை அவ்வப்போது உருவி கிரீஸ் தடவுங்கள், ஃபிரேமுக்குள் ஒட்டிக்கொண்டால் உயிரை எடுத்துவிடும்.