கியோட்டோ: ஒளியின் பாதையைப் பின்னோக்கித் தேடும் இலவச மென்பொருள்

பாரிஸ் வானாய்வகத்தினர் உருவாக்கி 2011-இல் ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்திய கியோட்டோ, நோக்குபவரின் திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளியின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அது கருந்துளை போன்றவற்றின் ஈர்ப்பால் எப்படியெல்லாம் வளைந்து சென்று, அவற்றைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டை, அதாவது திரள்வட்டை, எங்கே தொடுகிறது என்று கண்டுபிடித்துப் படம் வரைகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நிறுவுவது எளிது. டெபியன் என்னும் லினக்ஸ் வகைக்கான தொகுப்பாகவே கிடைக்கிறது.

கருந்துளையை, ஒளியும் மீள முடியாத எல்லையான நிகழ்வெல்லை என்னும் திரை இல்லாத ஒருமைப்புள்ளியிலிருந்து (அடர்த்தி எல்லையற்றுப் போகும் புள்ளியிலிருந்து) பிரித்தறிய முடியுமா என்று பார்ப்பதற்காகவே இதை நான் பயன்படுத்தினேன். பங்கஜ் ஜோஷி, டேனியேல் மலஃபரீனா, ரமேஷ் நாராயண் ஆகிய இயற்பியலாளர் மூவரும் முன்வைத்த, அத்தகைய ஒருமைப்புள்ளியைக் கொண்ட வெளி-கால அமைப்பைப் பைத்தான் மொழியில் எழுதிச் சேர்க்க இம்மென்பொருள் இடம் தருகிறது. (இவர்களுள் நாராயண், கொலாஜன் என்னும் புரதத்தின் முச்சுருள் அமைப்பைச் சென்னையில் கண்டறிந்த ஜி. என். ராமச்சந்திரனின் மகன்.) சி++ மொழியில் எழுதினால் கணக்கீடு விரைவாக முடியும் என்றாலும், முதன்முறை முயல்பவருக்குப் பைத்தானே போதும்.

சுழலாத கருந்துளையில் வட்டின் உள்விளிம்பு, நிகழ்வெல்லை ஆரத்தின் மூன்று மடங்குத் தொலைவில் நின்றுவிடுவதால், விழும் பொருளின் நிறை ஆற்றலில் சுமார் 5.7 விழுக்காடே ஒளியாகிறது. மேற்சொன்ன அமைப்பிலோ, அதன் நிறை அளவுரு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவரை வட்டு மையம் வரை இடைவெளியின்றி நீள்கிறது. கோட்பாட்டளவில் அந்த ஆற்றல் முழுவதுமே வெளிப்படலாம். அந்த அளவுருவுக்கு 0.3 என்ற மதிப்பைத் தந்து வரைந்த படத்தில், நடுவில் நிழல் எனப்படும் இருண்ட வட்டமே இல்லை. 0.7 என்று மாற்றியதும், கருந்துளைக்கு உரிய அதே அளவு நிழல் திரும்பி வந்துவிட்டது. இதை நேரில் பார்க்கும்போது ஏற்படும் திகைப்பை எந்தச் சமன்பாடும் தருவதில்லை.

குறை என்று சொன்னால், இது வாயுவின் ஓட்டத்தைக் கணக்கிடுவதில்லை. உடன் வரும் பேஜ்-தோர்ன் என்னும் ஆயத்த வட்டு மாதிரியும் கெர் கருந்துளைகளுக்கு, அதாவது சுழலும் கருந்துளைகளுக்கு, மட்டுமே பொருந்துவதால், புதிய அமைப்புக்கு வட்டின் உள்விளிம்பையும் ஒளிர்வையும் நாமே வகுத்துத் தர வேண்டும். கருந்துளையையும் அந்த ஒருமைப்புள்ளியையும் பிரித்துக் காட்டும் தகவல் பெரும்பாலும் அந்த உள்விளிம்பில்தான் இருக்கிறது. அங்கே தவறான எண்ணைக் கொடுத்தாலும் மென்பொருள் மறுப்பேதும் சொல்லாமல் அழகான படத்தையே வரைந்து தரும்.