முறுக்கா, காடியா? ரைஃபிள் குழலில் முதலில் பார்க்க வேண்டியது எது

ரைஃபிள் குழலைத் தேர்ந்தெடுப்பவர் முன்னால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். குழலின் உள்சுவரில் எத்தனை காடிகள் வெட்டியிருக்கிறார்கள் என்பது ஒன்று. அந்தக் காடிகள் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கின்றன என்பது இன்னொன்று. அதைத்தான் ட்விஸ்ட், முறுக்கு என்கிறோம். 1:12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 1:7 என்றால் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண் சிறுத்தால் முறுக்கு இறுகும்.

பேச்சில் இரண்டுக்கும் சம இடம் கொடுக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முறுக்கு தளர்ந்துபோனால் சுழற்சி போதாமல் குண்டு காற்றில் தள்ளாடிக் குறுக்கே திரும்பிவிடும். காகித இலக்கில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் போல நீளமாகக் கிழியும். ஒரு காடி கூடியோ குறைந்தோ போனால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஏன் என்று பழைய துப்பாக்கிகளை வைத்தே பார்க்கலாம்.

1857-இல் இங்கிலாந்தின் ஹைத் பயிற்சிப் பள்ளியில் இரண்டு ரைஃபிள்களை எதிரெதிரே வைத்துச் சோதித்தார்கள். ஒன்று, ராணுவம் ஏற்கெனவே எடுத்திருந்த 1853 மாதிரி என்ஃபீல்டு: .577 அங்குலத் துளை, மூன்று காடிகள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1857 என்றதும் நம் நினைவுக்கு வரும் கொழுப்புத் தடவிய தோட்டா இந்தத் துப்பாக்கிக்கானதுதான். மற்றது, மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் செய்தது. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. விட்வொர்த் மரை அவருடையதே. அவர் காடியே வெட்டவில்லை. துளையை அறுகோணமாக்கி, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என முறுக்கிவிட்டார். துளையின் அளவு .451 அங்குலம்.

துல்லியத்தில் விட்வொர்த் ஏறத்தாழ மூன்று மடங்கு மேல். என்ஃபீல்டு 1400 கஜத்தில் கைவிட்டது. விட்வொர்த் 2000 கஜத்திலும் இலக்கைத் தொட்டது. அறுகோணம்தான் காரணம் என்று அன்றும் பலர் நினைத்தார்கள், இன்றும் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டு குண்டுகளின் எடையையும் பாருங்கள்: இரண்டும் 530 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு). அதே ஈயத்தை ஒல்லியான துளைக்குள் அடைத்தால் குண்டு நீளும். நீண்ட குண்டு காற்றை நன்றாகக் கிழித்துப் போகும், ஆனால் அதை நிமிர்த்தி வைக்கச் சுழற்சி அதிகம் வேண்டும். ஒல்லித் துளை, நீண்ட குண்டு, இறுக்கமான முறுக்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததே விட்வொர்த்தின் வெற்றி. மூலைகளுக்கு அதில் பங்கு குறைவு என்பது என் கருத்து. 1858-இல் என்ஃபீல்டு வரிசையிலேயே கடற்படைக்கு வந்த குட்டை ரைஃபிளில் ஐந்து காடியும் 48 அங்குல முறுக்கும் வைத்தார்கள். அது நீண்ட என்ஃபீல்டைவிடத் தொலைவில் நன்றாகச் சுட்டதும் இதற்குச் சாட்சி. விட்வொர்த் ராணுவத்துக்குப் போகாததற்குக் காரணம் வேறு: விலை நான்கு மடங்கு, கருமருந்தின் கசடும் துளையில் சீக்கிரம் அடைந்தது.

எடை அல்ல, நீளமே முறுக்கைத் தீர்மானிக்கிறது என்பதை 1879-இல் கணக்காகவே எழுதிக் கொடுத்தவர் ஆல்ஃபிரெட் ஜார்ஜ் கிரீன்ஹில், வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். குண்டின் குறுக்களவை அதனாலேயே பெருக்கி, 150 மடங்காக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். குண்டின் வேகம் நொடிக்கு 2800 அடியைத் தாண்டினால் 150-க்குப் பதில் 180 போடுவது வழக்கம்.

இதை 5.56 மில்லிமீட்டர் குண்டில் போட்டுப் பார்த்தால் ஒரு முழு வரலாறே விரிகிறது. குறுக்களவு .224 அங்குலம். 55 கிரெய்ன் குண்டின் நீளம் சுமார் முக்கால் அங்குலம்; வேகம் 2800 அடிக்கு மேல் என்பதால் 180 போட்டால் விடை 12. இந்தக் குண்டைச் சுடும் அமெரிக்க ரைஃபிள் ஏஆர்-15 முதலில் வந்தபோது முறுக்கு 1:14. சாதாரண வானிலையில் அது எப்படியோ சமாளித்தது. அலாஸ்காவின் கடுங்குளிரில் காற்று அடர்ந்ததும் குண்டு தள்ளாடத் தொடங்கியது. 1963-இல் 1:12 ஆக இறுக்கினார்கள், கணக்கு சொன்ன அதே எண். அப்புறம் 1980-களில் எஃகு முனை வைத்த 62 கிரெய்ன் குண்டு வந்தது, நீளம் சுமார் .9 அங்குலம், விடை 10. எஃகு ஈயத்தைவிட இலேசு என்பதால் இன்னும் கொஞ்சம் இறுக்கி 1:9 வைத்தால் போதும். ஆனால் ஏஆர்-15-இன் ராணுவ வடிவமான எம்16ஏ2-இல் 1:7 வைத்தார்கள். காரணம் அந்தக் குண்டு அல்ல, அதோடு போகும் ஒளித்தடக் குண்டு. உள்ளே எரியும் பொருளுக்கு இடம் வேண்டும், அதனால் நீளம் ஒரு அங்குலத்தைத் தாண்டும். எடையோ 64 கிரெய்ன்கூட இல்லை. எடையை மட்டும் பார்த்து முறுக்கைத் தேர்ந்திருந்தால் இங்கே ஏமாந்திருப்போம்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 1:7 வைத்துவிடலாமே என்று தோன்றும். நொடிக்கு 3000 அடி வேகத்தில் போகும் குண்டு 1:12 குழலில் நிமிடத்துக்கு 1,80,000 சுற்று சுற்றும். 1:7-இல் 3,08,000-க்கு மேல். குண்டின் எடை மையம் முடியளவு விலகியிருந்தாலும் அந்தச் சுழற்சி அதைப் பெரிதாக்கிக் காட்டும். செப்புத் தோல் மிக மெல்லியதாக உள்ள இலகுவான குண்டுகள் பறக்கும்போதே சிதறுவதும் உண்டு. ஆனாலும் நல்ல குண்டு போடுகிறவருக்குத் தளர்ந்த முறுக்கைவிடச் சற்று இறுகிய முறுக்கே பாதுகாப்பான பக்கம். தளர்ந்தால் எல்லாமே போகும். இறுகினால் கொஞ்சம் துல்லியம் போகும்.

காடிக்கு வருவோம். 1888-இன் லீ-மெட்ஃபோர்டில் ஏழு காடிகள், ஆழமில்லாமல், ஓரம் மழுங்கிய வளைவாக இருக்கும். வில்லியம் மெட்ஃபோர்ட் கருமருந்தின் கசடு தங்கக் கூடாது என்று யோசித்துச் செய்த வடிவம் அது. அப்புறம் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. அதன் சூடு அந்த மென்மையான காடிகளைத் தேய்த்து அழித்தது. 1895-இன் லீ-என்ஃபீல்டில் ஐந்து காடிகள், ஆழமாக, ஓரம் நறுக்கென்று. முறுக்கு மட்டும் இரண்டிலும் ஒன்றே: 1:10, இடப்பக்கம். மருந்து மாறியதால் காடி மாறியது. குண்டின் நீளம் மாறாததால் முறுக்கு மாறவில்லை. 1910-இல் குண்டின் எடை 215-இலிருந்து 174 கிரெய்னாக இறங்கியபோதும் 1:10 அப்படியே நின்றது. புதுக் குண்டின் முனைக்குள் அலுமினியம் வைத்திருந்தார்கள், அதனால் நீளம் ஏறக்குறைய பழையபடியே இருந்தது. இந்த ஒரு துப்பாக்கியை வைத்தே இரண்டு எண்களின் வேலையையும் பிரித்துக் காட்டிவிடலாம் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

இரண்டாம் உலகப் போரில் அவசரம். ரெமிங்டன் தொழிற்சாலை எம்1903ஏ3 ரைஃபிளின் நான்கு காடியை இரண்டாக்கியது; வட அமெரிக்காவில் செய்த நான்காம் எண் லீ-என்ஃபீல்டிலும் இரண்டு காடிக் குழல்கள் உண்டு. போர்க்களத் தேவைக்குத் துல்லியம் குறையவில்லை. பாதி எண்ணிக்கையில் இந்தக் கதி என்றால், ஐந்தா ஆறா என்று சண்டை போடுவதில் எவ்வளவு பொருள் இருக்கிறது?

ஒற்றைப்படைக் காடிக்கு ஒரு நியாயம் இருக்கிறது: காடிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு மேட்டுக்கு நேரெதிரே இன்னொரு மேடு வராது, குண்டு இரு பக்கமும் ஒரே இடத்தில் நசுங்காது. மேட்டின் ஓரங்களைச் சாய்த்துச் செய்யும் 5ஆர் வகையில் கசடு ஓரத்தில் சேர்வது குறைவு, துடைப்பது எளிது. நல்ல குணங்கள்தான். ஆனால் அவற்றால் கிடைப்பதைவிட, குழலைச் செய்தவர் துளையை எவ்வளவு சீராக முடித்தார் என்பதில் கிடைப்பது அதிகம்.

.22 லாங் ரைஃபிள் என்ற சிறிய தோட்டாவுக்கு யோசிக்கவே வேண்டாம், 1:16 தான். 50 மீட்டர் போட்டிகளில் சுடுவது அதுதான். 5.56-இன் சிவிலியன் வடிவமான .223-இல் 55 முதல் 69 கிரெய்ன் வரைக்கும் 1:9 போதும். 77 கிரெய்னும் சுட எண்ணமிருந்தால் 1:8. நானாக இருந்தால் 1:8 எடுப்பேன், சுடப்போகும் குண்டுகளிலேயே மிக நீளமானதை அளந்து பார்த்துவிட்டு. காடி நான்கா, ஐந்தா, ஆறா என்பதைக் குழல் செய்பவரிடமே விட்டுவிடுவேன்.