அஞ்சே கால் மணிக்குப் போய்ப் பாருங்கள்: டே கேரில் இரண்டரை வருடம்

காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லா டே கேரும் நல்ல டே கேர்தான். தரை துடைத்திருக்கும், பிள்ளைகள் முகம் கழுவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பார்கள், டீச்சர் ஏதாவது பாட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்களும் அப்படிப் பார்த்துத்தான் முதல் இடத்தைப் பிடித்தோம். மகளை விட ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினோரு மாதம். இப்போது மூன்றரை வயது. நடுவில் ஒரு தடவை இடம் மாற்றினோம். யாராவது கேட்டால் போனிலேயே சொல்லிக்கொண்டிருந்ததை இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

வீடு பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில். எனக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு வேலை. வீட்டுக்காரருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில். காலையில் ஒருவர் கேரளத்துக்குள்ளும் ஒருவர் தமிழ்நாட்டுக்குள்ளும் பிரிந்து போகிற குடும்பம். மாமியார் பொள்ளாச்சியில். "ஏங்கண்ணு, நானிருக்கையில புள்ளைய எதுக்கு அந்நியத்துல உடோணும்?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருக்கிறது, இவளோ தவழ்ந்தே வாசலைத் தாண்டுகிறவள்.

2017ல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். எங்கள் கம்பெனியில் மொத்தம் 38 பேர். அங்கன்வாடி வீட்டுக்குப் பின் தெருவிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது மூன்று வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே என்றால் குடும்பஸ்ரீ என்கிற கேரளப் பெண்கள் சுயஉதவிக் குழுக்காரர்கள் தயாரிக்கிற அமிர்தம் சத்துப்பொடிப் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். பொடி நன்றாகவே இருந்தது, கூழாகக் காய்ச்சிக் கொடுத்தால் இவள் ஒரு கிண்ணம் காலி செய்வாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்தான் வேண்டியிருந்தது.

முதலில் பிடித்தது கஞ்சிக்கோட்டில், ஆபீசுக்குப் பக்கத்தில். ஏசி ஹால், சுவர் முழுக்கக் கார்ட்டூன், போனிலேயே கேமரா பார்க்கலாம். ஆபீசுக்குப் பக்கம் என்பது பெரிய வசதி என்று நினைத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றில் ஸ்கூட்டரை நேராக ஓட்டுவதே பாடு. முன்னால் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தினமும் முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் அவளுக்கும் டே கேர் கிடையாது, ஏனென்றால் கொண்டுபோய் விட ஆளில்லை.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டு போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலில் பிள்ளை அழுவது தெரியும், சத்தம் வராது, யாராவது தூக்கினார்களா என்று பார்ப்பதற்குள் படம் நின்றுவிடும். சாப்பாடு கொடுக்கிற இடத்திலும் துணி மாற்றுகிற இடத்திலும் கேமரா இல்லை. அதாவது, பார்க்க வேண்டிய இரண்டு இடத்தைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்.

சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு ஸ்பூன். தினமும் மசித்த சோறு ஒரு டப்பாவில் கொடுத்துவிடுவேன். சாயங்காலம் டப்பா சுத்தமாகக் காலியாக வரும். ஸ்பூன் மட்டும் நான் காலையில் துணியில் சுற்றிய அதே மடிப்பில் இருக்கும். கையால் ஊட்டியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காவது மாதம் ஒரு நாள் ஆபீசில் கரண்ட் போய் சீக்கிரம் விட்டார்கள். வழக்கமாக ஆறு மணிக்குப் போகிறவள் அன்று அஞ்சே காலுக்குப் போய் நின்றேன். டீச்சர்கள் எல்லாரும் நாலு மணிக்கே கிளம்பியாயிற்று. ஒன்பது பிள்ளைகள் டிவி முன்னால். ஒரே ஒரு அக்கா, அவரும் பின்பக்கம் மாப் போட்டுக்கொண்டிருந்தார். இவள் டயபர் ஈர மூட்டையாகத் தொங்கியது, மதியத்துக்குப் பிறகு மாற்றவே இல்லை. குப்பைக் கூடையில் மேலாகவே கிடந்தது நான் கொடுத்துவிட்ட பருப்புச் சோறு. அந்த அக்காவைத் திட்ட மனசு வரவில்லை, ஒன்பது பிள்ளைக்கு ஒரு ஆள் என்ன செய்ய முடியும். மறுநாளிலிருந்து அனுப்பவில்லை. அட்வான்ஸ் திரும்ப வரவில்லை, அதை விடுங்கள்.

இரண்டாவது இடத்தைத் தேடும்போது போன் பண்ணிச் சொல்லாமல் சாயங்காலத்தில்தான் போனேன். நான்கு இடம் பார்த்தேன். இரண்டில் கேட்டே திறக்கவில்லை. ஒன்றில் தகரக் கூரை, மார்ச் ஏப்ரலில் 40 டிகிரி அடிக்கிற ஊரில் அதற்குக் கீழே பிள்ளையைத் தூங்கவைக்க முடியாது. நான்காவது, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ரிட்டயர்டு டீச்சர் தன் ஓட்டு வீட்டின் முன்பகுதியில் நடத்துவது. போர்டுகூடச் சின்னது. நான் போனபோது அங்கே இருந்த சேச்சி ஒரு பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். வாரி முடித்தவர்கள் ஒரு பக்கம் பவுடர் பூசிய முகத்தோடு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள், உரித்ததில் பாதி வாயில். "எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்டேன். இடுப்பில் இருந்த பையனைக் காட்டி, "இவன்டெ அச்சன் வந்நால் அடைக்கும்" என்றார், இவன் அப்பா வந்ததும் மூடுவோம் என்று. அங்கேயே சேர்த்துவிட்டேன்.

மாதம் 4,500 ரூபாய், சாப்பாடு அவர்களே. கேமரா கிடையாது, ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. அதில் தூங்கிய நேரம், சாப்பிட்டது, வயிறு போனது எல்லாம் மலையாளத்தில் எழுதியிருக்கும், நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மொழியால் வந்த வேடிக்கை வேறு. ஒரு நாள் மாமியார் கூட்டிவரப் போனார். "மோள் நன்னாயி கழிச்சு" என்று சேச்சி சொல்ல, இவர் வழியிலேயே எனக்குப் போன்: "புள்ளைக்கு நல்லாக் கழிச்சலாமா, டாக்டருகிட்டப் போலாமா?" நன்றாகச் சாப்பிட்டாள் என்று அர்த்தம். தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோதும் இதே கதைதான். ரோஸ் கலரில் ஏதோ இருக்கிறதே என்று பயந்து கொட்டிவிட்டார். அது பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், இந்தப் பக்கம் ஹோட்டலிலும் அதைத்தான் வைப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை லீவு. மழைக்காலத்தில் கலெக்டர் அங்கன்வாடி உட்பட எல்லாவற்றுக்கும் விடுமுறை விட்டால் டீச்சரும் கதவை மூடிவிடுவார். என் கம்பெனிக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஜூலையில் ராத்திரி படுக்கும்முன் கலெக்டர் அறிவிப்பைப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. ஹர்த்தால் என்றாலும் அப்படித்தான். ஓணத்துக்கு ஒரு வாரம் போய்விடும். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு, ஆனால் மாட்டுப் பொங்கல் அன்று டே கேர் திறந்திருக்கும், நாங்கள் பொள்ளாச்சியில் இருப்போம். சேரும்போதே வருட லீவுப் பட்டியலை வாங்கி ஆபீஸ் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, நோய். 2022 மே மாதம் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் பரவி, எல்லையில் வாளையாறில் தமிழ்நாட்டு சுகாதாரத் துறையினர் பிள்ளைகளைப் பரிசோதித்து அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். அது கை, கால், வாயில் கொப்புளம் வருகிற நோயின் ஒரு வகைதான் என்று பிறகு சொன்னார்கள். இவளுக்கு இரண்டு வயதில் அந்தக் கொப்புள நோய் வந்தது. மூன்று நாள் தயிரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. முதல் பிள்ளைக்கு வந்த அன்று சாயங்காலமே டீச்சர் எல்லா வீட்டுக்கும் போன் பண்ணிச் சொன்னார், அது பெரிய விஷயம். பத்து நாள் அனுப்பாததற்கும் முழுப் பணம் வாங்கினார், அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இங்கிலீஷ் சொல்லித் தருவார்களா என்று கேட்பவர்களுக்கு: இங்கே இல்லை. இவள் வீட்டில் "வெள்ளம் வேணும்" என்கிறாள், பாட்டி எதிரில் மட்டும் "தண்ணி" என்று மாற்றிக்கொள்கிறாள். எந்த ஆளிடம் எந்தச் சொல் என்று தானாகவே பிடித்துக்கொண்டாள்.

மூன்று வயதானதும் அங்கன்வாடிக்கு மாற்றலாமா என்று யோசித்தோம். 2025ல் ஒரு பையன் உப்புமாவுக்குப் பதில் பிரியாணி கேட்ட வீடியோவுக்குப் பிறகு மெனுவில் முட்டை பிரியாணியே வந்துவிட்டது, இவளும் ஆசைப்பட்டாள். ஆனால் மூன்றரைக்கு விட்டுவிடுவார்கள், நான் வருவது ஆறு மணிக்கு. வரும் ஜூனில் எல்கேஜி, அதற்குப் பிறகும் சாயங்காலம் மட்டும் இங்கேயே விடுவதாகப் பேசியிருக்கிறோம்.

போன வாரம் அரை நாள் லீவு போட்டு, ஆசையாக நாலு மணிக்கே கூட்டிவரப் போனேன். வரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி இன்னும் தலை வாரலை. அப்புறம் வா."