பாரிமுனை கெமிக்கல் கடை: ஜெல் முறையில் பவுடர் செய்கிறவர்களுக்கு

கடையின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். ஐகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம்தான்.

ஜிர்கோனியா (ஜிர்கோனியம் ஆக்ஸைடு, ஒரு பீங்கான் வகைப் பொருள்) பவுடர் செய்யணும் என்றதும் கல்லாவில் இருந்த பெரியவர் கேட்டது: "கழுவப் போறீங்களா மேடம், எரிக்கப் போறீங்களா?" இந்த ஒரு கேள்விக்காகவே அங்கே போகலாம்.

கழுவுவதென்றால் ஜிர்கோனியம் ஆக்ஸிகுளோரைடு. விலை குறைவு, தண்ணீரில் சுலபமாகக் கரையும், அமோனியா விட்டால் வெள்ளை ஜெல் இறங்கிவிடும். தொல்லை குளோரைடுதான். மிச்சம் இருந்தால் சூளையில் துகள்கள் கெட்டிக் கட்டிகளாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பவுடரை எவ்வளவு அழுத்தி வில்லையாக்கினாலும் அடர்த்தி ஏறாது. வடித்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால் போலக் கலங்குவது நிற்கும்வரை கழுவ வேண்டும். கடைசிக் கழுவலுக்கு எத்தனால் வைத்தால் காயும்போது ஜெல் அவ்வளவாக இறுகாது, பவுடர் விரலில் உதிரும்.

எரிப்பதென்றால் ஜிர்கோனியம் நைட்ரேட்டும் சிட்ரிக் அமிலமும். சிட்ரிக் எரிபொருள், நைட்ரேட் அதை எரிய வைக்கும் ஆக்ஸிஜனைத் தரும். காசு மிச்சம் என்று குளோரைடை மாற்றிப் போட்டால் அந்த வேலை நடக்காது. விகிதம் சரியாக இருந்தால் ஜெல் உப்பி, தானே பற்றி, பஞ்சுச் சாம்பலாக நிற்கும்.

ஜிர்கோனியம் புரோப்பாக்ஸைடும் ஆர்டரில் தருவிக்கிறார்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் பாட்டிலைத் திறந்த உடனே வாயில் வெள்ளை படிகிறது. ஈரக்காற்று புகாத கிளவ் பாக்ஸும், ஈரத்தோடு அது வினைபுரியும் வேகத்தைத் தணிக்க அசிட்டைல் அசிட்டோனும் இல்லாதவர்கள் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

என் குறை அலுமினியம் நைட்ரேட். பெரிய டிரம்மில் இருந்து பாலித்தீன் பையில் பிரித்துக் கட்டித் தருகிறார்கள். ஈரம் குடிக்கிற உப்பு அது. நான் வாங்கின பை ஓரமெல்லாம் கசகசவென்று இருந்தது. ஒன்பது நீர் மூலக்கூறுள்ள சுத்தமான உப்பு என்றால் 100 கிராமைச் சுட்டால் 13.6 கிராம் அலுமினா (அலுமினியம் ஆக்ஸைடு) வர வேண்டும். எனக்கு வந்தது குறைவு. லேபிளை நம்பி எடை போட்டால் கலவை விகிதமே தப்பிவிடும். சீல் பாட்டில் கேளுங்கள், உள்ளே இருக்கிறது, கேட்டால்தான் எடுப்பார்கள். எதை வாங்கினாலும் கொஞ்சம் மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) சுட்டு எடை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஜிபே உண்டு, பில்லும் தருகிறார்கள். லிக்கர் அமோனியாவை (தண்ணீரில் கரைத்த அமோனியா) மட்டும் வேறு கடையில் வாங்குங்கள். இங்கே கேன்களை வாசல் வெயிலில் அடுக்கியிருக்கிறார்கள். மூடியைத் தளர்த்தினாலே கண்ணைக் கரிக்கிறது, உள்ளே எவ்வளவு அமோனியா மிச்சம் இருக்குமோ.