இடிந்த மூக்குக்குச் சிலிக்கனா, விலாக் குருத்தெலும்பா?

வெள்ளவத்தையில் விக்கெட் கீப்பிங் செய்தபோது பந்து நேரே மூக்கில் பட்டது. இரத்தம் நின்றதும் ஐஸ் வைத்துப் படுத்துவிட்டேன். பிழை அதுதான். மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டினால் உள்ளிருக்கும் குருத்தெலும்புக்கு ஊட்டம் போகாது; சில நாட்களிலேயே செத்துவிடும். சில மாதங்களில் மூக்கின் நடு, குதிரைச் சேணம் போலப் பள்ளமானது. மூச்சும் சிரமம்.

முதலில் நேரம் பதிந்து (சனல் பண்ணி) பார்த்த டொக்டர், பள்ளத்தை நிமிர்த்தச் சிலிக்கன் என்ற செயற்கைத் துண்டை வைக்கலாம் என்றார். இரண்டாமவர், நெஞ்சிலிருந்து விலாக் குருத்தெலும்பு எடுத்து வைக்கலாம் என்றார். காதுக் குருத்தெலும்பும் பேச்சில் வந்தது. அது மெத்தென்று வளைந்தது. நுனிக்கு நல்லது, தூணாக நிற்காது.

சிலிக்கன் விரைவு, வேறிடத்தில் வெட்டில்லை, செலவும் குறைவு. சரி. அந்தத் துண்டை டொக்டர் கையில் தந்தார். பள்ளிக்கூட அழிறப்பர் மாதிரி இருந்தது. அப்போதுதான் கேட்டேன், பத்து வருடம் கழித்து இது என்னவாகும் என்று. சிலிக்கனுக்குள் இரத்தம் ஓடாது. சுற்றி உடம்பு ஓர் உறையைக் கட்டும், அவ்வளவுதான். கிருமி புகுந்தால் மாத்திரைக்கு அடங்குவது அரிது, பெரும்பாலும் வெளியே எடுக்கத்தான் வேண்டும். என்னுடையதோ அடிபட்டு வடுப்பட்ட, இறுகிய மூக்கு. அதற்குள் வைத்தால் வருடங்கள் கழித்தும் நுனித்தோல் சிவந்து, மெலிந்து, துண்டு வெளியே தள்ளலாம். கொரியாவில் அழகுக்காக மூக்கை உயர்த்திய பலர் சிலிக்கனோடு நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மூக்கு இடிந்து போகவில்லையே.

விலாக் குருத்தெலும்பையே தெரிவு செய்தேன். சும்மா வரவில்லை. மூக்கை விட நெஞ்சுதான் நொந்தது. முதல் இரண்டு கிழமையும் தும்மல் வரும்போதெல்லாம் அம்மா தலையணையை நீட்டுவார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தும்முவேன். விலாத் துண்டு பிறகு வளையக்கூடும் என்பதும் உண்மை. அதனால்தான் குருத்தெலும்பின் நடுப்பகுதியிலிருந்து துண்டைச் செதுக்கி, வளைகிறதா என்று கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பொருத்துகிறார்கள். அப்படியும் என்னுடையது இடப்பக்கம் மயிரிழை சாய்ந்திருக்கிறது. அக்கா மட்டும் கண்டுபிடித்தாள். வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் பிடித்தது.

காசு இடித்தால், கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. கட்டணமில்லை, பொறுமை வேண்டும்.

எனக்கு மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்குமேல் என் மூக்கை வைத்துச் சாட்சி சொல்ல முடியாது. இரண்டு பக்கத்தாலும் மூச்சு வருகிறது. ஞாயிறுகளில் விளையாடவும் போகிறேன், எல்லைக்கோட்டுப் பக்கம் மட்டும்.