சாலிசிலிக் ஆசிடா, அடாபலீனா? முப்பது தாண்டியும் விடாத பருவோடு பட்ட பாடு

என் குளியலறை அலமாரியில் இப்போது நான்கே பொருள்தான். 2 வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது 13 இருந்தன, அதில் ஐந்தின் மேல் போர்ஸை, அதாவது சருமத் துளைகளைச் சுருக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒன்றும் சுருக்கவில்லை. எனக்கு 34 வயது. தாடையோரமாக உள்ளுக்குள் வலிக்கிற பருக்கள், மூக்கிலும் கன்னத்திலும் சல்லடை மாதிரி துளைகள். வாங்கி வாங்கி ஓய்ந்த பிறகு கடைசியில் போட்டி, பருவுக்காக முகத்தில் பூசுகிற இரண்டு மருந்துகளான சாலிசிலிக் ஆசிடுக்கும் அடாபலீனுக்கும் நடுவில்தான் என்று ஆனது. இரண்டையும் தலா ஆறேழு மாசம் ஒழுங்காகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நான் அடாபலீன் கட்சி, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்தத் துளை விவகாரம். சருமத் துளையைத் திறந்து மூடுகிற தசை எதுவும் கிடையாது. அதனால் ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதெல்லாம் சும்மா. எண்ணெய் அதிகமாகச் சுரப்பது, உள்ளே அடைத்துக்கொள்வது, வயசாக ஆகச் சுற்றியுள்ள தோல் தளர்வது, இவைதான் துளையைப் பெரிதாகக் காட்டும் முக்கியக் காரணங்கள். பரம்பரை வாகும் உண்டு. எந்தக் க்ரீமும் துளையை இல்லாமல் ஆக்காது, அடைப்பை எடுத்துச் சின்னதாகத் தெரிய வைக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, மூக்கு நுனியில் வரிசையாகத் தெரிகிற சாம்பல் புள்ளிகள் எல்லாம் கரும்புள்ளி (பிளாக்ஹெட்) இல்லை. பிதுக்கினால் மெல்லிய நூல் மாதிரி வருகிறதே, அது எண்ணெய் வெளியே வரும் வழியில் இயல்பாகவே இருக்கிற பொருள். எடுத்தால் சில வாரத்தில் திரும்ப நிரம்பிவிடும். நான் மூக்கில் பட்டை ஒட்டிப் பிய்த்து எடுத்த நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

சாலிசிலிக் ஆசிடின் பலம், அது எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் நிறைந்த துளைக்குள் இறங்கி, ஒட்டிக் கிடக்கிற செத்த செல்களைத் தளர்த்திவிடுகிறது. மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பது பெரும்பாலும் 0.5 முதல் 2 சதவீதம் வரை. ஃபேஸ்வாஷில் இருந்தால் அரை நிமிஷத்தில் கழுவிப்போய்விடுகிறது, முகத்திலேயே விட்டுவைக்கிற சீரமாகப் போட்டபோதுதான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. இரண்டே வாரத்தில் மூக்கைத் தடவினால் வழவழ என்று இருந்தது. அந்த வேகம் அடாபலீனுக்கு வராது. எண்ணெய் வழிகிற முகம், கரும்புள்ளி, எப்போதாவது ஒரு பரு, உங்கள் பிரச்சனை இவ்வளவுதான் என்றால் இதுவே போதும், மேலே படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம்.

ஆனால் என் தாடைப் பருக்கள் அதற்கு அசையவே இல்லை.

அடாபலீன் வைட்டமின் ஏ வழியில் வந்த ரெட்டினாய்டு வகை. துளையின் உட்சுவரில் செல்கள் உதிர்கிற முறையையே மாற்றி, அடைப்பு உருவாகாமல் பார்த்துக்கொள்கிறது, வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கிறது. 0.1 சதவீதம், 0.3 சதவீதம் என்று இரண்டு அளவில் வருகிறது. அமெரிக்காவில் 1996இல் மருந்துச்சீட்டோடு வந்தது, 2016 முதல் அங்கே 0.1 சதவீத ஜெல்லைச் சீட்டில்லாமலே வாங்கலாம். பல நாடுகளில் இன்னும் சீட்டு வேண்டும். நான் 0.1 மட்டுமே போட்டிருக்கிறேன்.

இப்போது எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். எது வீரியம் அதிகம் என்பதல்ல, எதைத் தூக்கக் கலக்கத்திலும் விடாமல் போட முடியும், நடுவில் விட்டால் என்ன ஆகிறது என்பதுதான். இன்றைக்குக் கண்ணாடியில் தெரிகிற பரு இன்றைக்குப் பிறந்தது இல்லை, கண்ணுக்குத் தெரியாத சின்ன அடைப்பாகச் சில வாரங்களாகவே உள்ளே இருந்திருக்கும். தெரிந்த பருவின் மேல் மட்டும் எதையாவது வைப்பது அடுத்த மாசப் பருவை ஒன்றும் செய்யாது. சாலிசிலிக்கில் நான் அப்படித்தான் துரத்திக்கொண்டே இருந்தேன். காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, புதுசாக ஒன்று முளைத்தால் அதன் மேல் இன்னொரு தடவை, அதனால் தோல் வறண்டு இழுத்தால் இரண்டு நாள் நிறுத்தம், நிறுத்தினால் திரும்ப எண்ணெய். பத்து நாள் வெளியூர் போனபோது சீரத்தை மறந்துவிட்டேன், திரும்பி வருவதற்குள் மூக்கு பழையபடி சொரசொர.

அடாபலீன் இரவில் ஒரே தடவை. பட்டாணி அளவு முகம் முழுமைக்கும் சேர்த்து, ஒரு பருவுக்கு இல்லை. நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து இடத்தில் புள்ளி வைத்து, ஈரம் இல்லாத முகத்தில் பரப்பிவிட வேண்டும். கண்ணோரம், மூக்கோரம், உதட்டு ஓரம் வேண்டாம். எனக்கு முதல் மாசம் வாரம் 3 இரவுதான், மாய்ஸ்சரைசரை முன்னும் பின்னும் போட்டு. அப்படியும் மூன்றாவது வாரம் மூக்கின் இரண்டு பக்கமும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது, சிரித்தால் உதட்டு ஓரம் எரிந்தது. ஐந்தாவது வாரம் பரு குறைவதற்குப் பதில் கூடியது, அங்கேதான் நிறையப் பேர் டியூபைத் தூக்கிப் போடுகிறார்கள். நானும் போட்டிருப்பேன். 12 வாரம் பொறுத்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று தோல் மருத்துவர் முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் தப்பித்தது. பத்தாவது வாரம் வாக்கில், தாடையைத் தடவும்போது வலி இல்லை என்பதை ஒரு மீட்டிங் நடுவில் கவனித்தேன்.

நாலாவது மாசத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், இப்போது வாரம் 3 இரவு. ஒரு வாரம் மறந்தாலும் முகத்தில் தெரிவதில்லை. இந்தச் சோம்பேறித்தனத்தைத் தாங்குகிற குணத்துக்காகத்தான் அதற்கு என் ஓட்டு. ஆனால் குணமாக்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். சரியாகிவிட்டதே என்று ஒரு தடவை முழுசாக நிறுத்தினேன், மூன்றாவது மாசம் தாடையோரம் அதே இடத்தில் வந்து நின்றது. துளைகளும் அப்படித்தான், அடைப்பு போனதால் சின்னதாகத் தெரிகின்றன, பக்கத்தில் போய்ப் பார்த்தால் இருக்கத்தான் செய்கின்றன.

பொறுமை இல்லாமல் ஒருநாள் இரண்டையும் ஒரே இரவில் போட்டதையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது, சரியாக ஒன்றரை வாரம் ஆனது.

மற்றவற்றைச் சுருக்கமாக. பென்சாயில் பெராக்சைடு பருக் கிருமியை நன்றாக அடிக்கும், 2.5 சதவீதமே போதும், அடாபலீனோடும் ஒத்துப்போகும், இரண்டும் சேர்ந்த ஜெல்லே இருக்கிறது. ஆனால் துணியை வெளுத்துவிடும். என் கருநீலத் தலையணை உறையில் கன்னம் படுகிற இடம் மட்டும் இன்னும் ஆரஞ்சாக இருக்கிறது. வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு வெறும் பக்கவாத்தியம், கெடுதல் இல்லை, அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. அசெலிக் ஆசிட் பருவுக்கும் பரு விட்டுப்போன கறைக்கும் நல்லது, கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. நான் ஒரு மாசத்துக்கு மேல் போட்டதில்லை, அதனால் சொந்த அனுபவம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டம் இருந்தாலோ அடாபலீனைத் தவிர்க்கச் சொல்வதுதான் வழக்கம். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, தாடையில் முடியும் வளர்கிறது என்றால் க்ரீமோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள், அது ஹார்மோன் வேலையாக இருக்கலாம். யாரோ கொடுத்த ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மட்டும் முகத்தில் தடவாதீர்கள். முதலில் பளிச்சென்று ஆக்கி, பிறகு அதுவே பருவைக் கிளப்பும். சன்ஸ்கிரீன் இரண்டு கட்சிக்கும் பொது.

அடாபலீன் தொடங்குவதாக இருந்தால் காலண்டரை ஒரு தடவை பாருங்கள். அடுத்த இரண்டு மாசத்துக்குள் விசேஷம், போட்டோ என்று ஏதாவது இருந்தால் அது முடிகிற வரைக்கும் சாலிசிலிக்கே போட்டுக்கொண்டிருங்கள், உரிகிற மூக்கோடு மேடை ஏற வேண்டாம்.