வன்னிக் கிரவலுக்கு 36 பல் செயின் வீல்: ஒரு மாரி ஓடிய பிறகு

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் ஓடுகிற எங்களுக்கு யூடியூப் சிபாரிசு அப்படியே சரிவராது. அங்கே முன்னுக்கு, மிதிக்கிற இடத்துச் செயின் வீலுக்கு, 30 பல் போடு, 32 பல் போடு என்று அடித்துச் சொல்வதெல்லாம் ஏற்றம் ஏறுகிறவர்களுக்கு. வன்னியில் ஏற்றம் தேடினால் குளக்கட்டில் ஏறுகிற இடம்தான், மிஞ்சிப்போனால் இரணைமடுக் கட்டு. எங்களுடைய பிரச்சினை வேறு: சோளகக் காற்று, கிரவல், புழுதி, மாரியில் சேறு.

என்னுடையது ஜப்பானில் இருந்து வந்த பழைய சைக்கிள், 26 அங்குலச் சில்லு, முன்னுக்கு 44-32-22 என்று மூன்று செயின் வீல், பின்னுக்கு 11 பல் முதல் 34 பல் வரை ஒன்பது கியர். நடுவில் இருந்த 32 தேய்ந்து, பல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து சுறாச் செட்டை மாதிரி ஆகிவிட்டது, எழும்பி நின்று மிதித்தால் செயின் துள்ளும். 22-ஐ நான் தொட்டதே இல்லை, 44-ஐ எப்போதாவது ஏ9 காப்பெற் ரோட்டில் தொட்டிருப்பேன். அதனால் மூன்றையும் கழற்றிவிட்டு முன்னுக்கு ஒன்றே ஒன்று என்று முடிவெடுத்தேன்.

ஏன் 36? நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால், பின்னுக்கு 11-இல், இந்தச் சில்லுக்கு 32 பல் தருவது ஏறக்குறைய 29 கிலோமீற்றர் வேகம், 36 பல் தருவது 32-க்குக் கொஞ்சம் மேல். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்போது 32 போட்டவன் கால் சும்மா சுற்றிக்கொண்டிருப்பான். காற்று முகத்தில் அடிக்கும்போதோ, காட்டுப் பாதையில் மணல் வந்தாலோ, பின்னுக்கு 34-க்குப் போனால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று, அது எனக்குப் போதும். இன்னொரு லாபம், பல் கூடக்கூடத் தேய்மானம் குறையும், ஏனென்றால் ஒரே இழுவையைக் கூடுதல் பற்கள் பகிர்ந்துகொள்கின்றன. பின்னால் சாமான் கட்டி ஓடுகிறவர், முழங்கால் நோ உள்ளவர் முன்னுக்கு 34 பல்லுடன் நிற்கலாம்.

வாங்குவதற்கு முதல் உங்கள் கிராங்கை, அதாவது மிதிகட்டையும் செயின் வீலும் பூட்டியிருக்கிற கையை, குனிந்து பாருங்கள். மலிவான புது கியர் சைக்கிள்கள் பலவற்றில் மூன்று செயின் வீலும் ஆணி அடித்து இறுக்கியபடிதான் வரும், 42-34-24 என்று. அதில் போல்ட்டே இல்லை, தனியாக எதையும் மாற்ற முடியாது, கிராங்க் செட்டைத்தான் முழுதாக மாற்ற வேண்டும். அதைக் கழற்றுவதற்கென்று இழுக்கிற கருவி ஒன்று இருக்கிறது, அது இல்லாத கடையில் சுத்தியலைத் தூக்கினால் தயவுசெய்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போல்ட் உள்ள கிராங்க் என்றால் அடுத்தது அளவு. போல்ட்டுகள் நிற்கிற வட்டத்தின் விட்டத்தைத்தான் பிசிடி என்கிறார்கள். நாலு போல்ட் கிராங்கில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்து 1.414-ஆல் பெருக்கினால் அது வரும். எனக்கு 73.5 மில்லிமீற்றர் வந்தது, அப்படியென்றால் 104. உள்ளுக்கு இருக்கும் சின்னதுக்கு 45 மாதிரி வரும், அது 64. சைக்கிள் பாகங்கள் செய்கிற ஷிமானோவின் கொஞ்சம் புதிய கிராங்குகளில் 96 என்று ஒன்று இருக்கிறது, அதிலும் நாலு ஓட்டைதான், ஆனால் ஓட்டைகளுக்கு இடைத்தூரம் சமம் இல்லை. கிளிநொச்சியில் ஒரு கடையில் அதைத்தான் எடுத்து நீட்டினார்கள். "தம்பி, நாலு ஓட்டை எல்லாம் ஒண்டுதான், கொண்டுபோய்ப் போடும்" என்றார் கடைக்காரர். கிராங்கில் வைத்துக் காட்டினேன், இரண்டு ஓட்டை நேருக்கு வந்தது, மற்ற இரண்டும் விலகி நின்றது. மனிசன் சிரித்துவிட்டு உள்ளே வைத்துவிட்டார், பாவம், பெட்டியில் அளவே எழுதியிருக்கவில்லை.

கடைசியில் கொழும்பில் ஒரு ஒன்லைன் கடையில் எடுப்பித்தேன். பெயர் பெரிதாக இல்லாத கறுப்பு அலுமினிய வீல், 104 பிசிடி, ஒரு பல் ஒடுக்கம், அடுத்தது அகலம் என்று மாறி மாறி வருகிற வகை. செயினிலும் ஒரு கண்ணி ஒடுக்கம், ஒரு கண்ணி அகலம்தானே, அகலப் பல் அகலக் கண்ணிக்குள் இறுக்கமாக உட்காரும், அதனால் முன்னுக்கு, செயினை வீலுக்கு வீல் தள்ளி மாற்றுகிற டெரெய்லர் இல்லாமலே செயின் கழராது. முதல் தரம் செயினைப் போடும்போது ஒரு கண்ணி தள்ளிப் போட்டால் அகலப் பல்லின் மேல் செயின் ஏறி நிற்கும், கண்ணாலேயே தெரியும், ஒன்று மாற்றிப் போட்டால் சரி. எஸ்ராம் நிறுவனம் 2012-இல் இந்த வகைப் பல்லைக் கொண்டுவந்தது, இப்போது எல்லோரும் செய்கிறார்கள். ஒன்பது கியர் செயினுக்கும் பொருந்துகிறது.

வீல் நல்லது, கூட வந்த போல்ட்டுகள் குப்பை. இரண்டு வீல் சேர்த்துப் பிடிக்கிற நீளத்தில் அனுப்பியிருந்தார்கள், ஒரு வீலுக்கு இறுக்கினால் நட் முட்டி நிற்கிறதே தவிர வீல் ஆடுகிறது. ஒரு வீலுக்கான கட்டைப் போல்ட் என்று கேட்டுத் தனியாக வாங்குங்கள். பின்பக்க நட் கூடவே சுற்றும், அதைப் பிடிக்கிற இரண்டு முள் சாவியையும் சேர்த்து எடுத்தால் கை தப்பும். பழைய செயின் 44-க்கு வெட்டியது என்பதால் 36-க்கு நீளம், இரண்டு அங்குலம், அதாவது நாலு கண்ணி, கழற்ற வேண்டும். நான் செயினையும் புதிதாகத்தான் போட்டேன். பழசை அடிமட்டத்தில் அளந்து பாருங்கள், 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு நூலில் பாதி, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடினாலே மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. நீண்ட செயினைப் புது வீலில் போட்டால் அது வீலையும் தின்றுவிடும்.

கிரவலில் எப்படி? ஒட்டுசுட்டான் பக்கம் தகரம் மாதிரி அலை அலையாகக் கிடக்கிற ரோட்டில் கை விறைக்கிற அளவு குலுக்கியும் செயின் கழரவில்லை, இதற்கு முழுப் புள்ளி. மாரியில்தான் வித்தியாசம் தெரிந்தது. செம்மண் சேறு பல்லுக்கு இடையில் அப்பி இறுகினால் செயின் கறகற என்று மேலே தூக்கும், ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அடங்கிவிடும். கறுப்புப் பூச்சு கொஞ்ச நாளிலேயே போய் வெள்ளையாகிவிட்டது, அது தேய்மானம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் பல்லின் இழுக்கிற பக்கத்தில் இப்போது விரலால் தடவினால் மெல்லிய விளிம்பு தட்டுப்படுகிறது, அதுதான் தேய்மானம். புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரித்தான், எங்கள் ஊரில் அலுமினியம் இதற்குக் கொஞ்சம் மெல்லிசு. அதே அளவில் இரும்பு வீல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள், பாரம் கூடும், இந்தச் சமதரையில் யாருக்குக் கவலை. இரும்பு என்று சொல்லி அலுமினியம் தருகிறார்களா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை, பெரிய வீலைக் கழற்றிய பிறகு வெளிப்பக்கம் செயினுக்கு மறைப்பு இல்லை, சாரத்தோடு கடைக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் கவனம்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை, போல்ட் ஒழுங்காக வந்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன். ஒன்பது, பத்து, பதினொன்று கியர் ஓடுகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஷிமானோவின் 12 கியர் செயின் போட்டிருந்தால் இதை எடுக்க வேண்டாம், அந்தச் செயினுக்குப் பல்லின் வடிவமே வேறு, அதற்கென்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.